பாலத்துக் கட்டையில் ஒரு பை

காலை ஆறேகால் மணிக்கு எங்கள் வீட்டுக்கு எதிரே இருபத்துமூன்று பெண்கள் நிற்பார்கள். இருபத்திரண்டு என்றால் யாருக்கோ உடம்பு சரியில்லை. இருபத்துநான்கு என்றால் யாரோ தன் தங்கையை வேலைக்குச் சேர்க்க அழைத்து வந்திருக்கிறாள். நான் ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீசில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்திருந்தவன். கேட்டுக்குள் நுழையும் தலைகளை எண்ணுவதுதான் என் வேலை. ஓய்வு கொடுத்து கம்பெனி என்னை விட்டுவிட்டது. எண்ணும் பழக்கம் விடவில்லை.

எங்கள் வீடு மாதனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எதிரே சாலையில் ஒரு சின்ன ஓடைப்பாலம். பாலத்தின் இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்கு சிமெண்டுக் கட்டை. பெண்களை ஆம்பூர்ப் பக்கம் நான் இருந்த அதே தொழிற்சாலைக்கு ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் அந்தக் கட்டையோரம்தான் நிற்கும். வரவேண்டிய நேரம் ஆறே முக்கால். ஆனால் ஆறு முப்பத்தைந்துக்கும் வரும், ஏழுக்கும் வரும். அதனால் எல்லோரும் ஆறேகாலுக்கே வந்து நின்றுவிடுவார்கள்.

அந்த அரை மணி நேரம் எனக்குப் பெரிய தொல்லையாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. செய்தித்தாளில் ஒரு பத்தி படிப்பதற்குள் நாலு சிரிப்புச் சத்தம் கேட்கும். குடிக்கத் தண்ணீர் கேட்டு ஒருத்தி கேட்டைத் திறப்பாள், மூடமாட்டாள். இன்னொருத்தி கறிவேப்பிலை ஒடிக்க வருவாள். ஒருத்தி தலையை இன்னொருத்தி பின்னுவாள். உதிர்ந்த முடி காற்றில் எங்கள் வாசலுக்குத்தான் வரும். அந்தக் கட்டையிலேயே இரண்டு கல்யாணம் பேசி முடிந்தது என்று என் மனைவி சொல்வாள். நான் ஒன்றைத்தான் ஒப்புக்கொள்வேன். இன்னொன்று பஸ்ஸுக்குள் பேசியது.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் வேலை முடியாதவள் தன் சாப்பாட்டுப் பையை முன்னால் புறப்படும் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தனுப்புவாள். பை வந்து கட்டையில் உட்கார்ந்துகொள்ளும். பை வந்துவிட்டால் ஆள் வந்த மாதிரி; என் கணக்கிலும் பை ஒரு தலை. பஸ் வந்ததும் ஓட்டுநர் முதலில் கட்டையைத்தான் பார்ப்பார். அவர் ஆம்பூர்க்காரர், பெண்கள் எல்லோருக்கும் பாய்; அவருக்கு அவர்கள் எல்லோரும் ஆபா, அதாவது அக்கா. பை இருந்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு, "யாரோடது ஆபா?" என்று கேட்பார். யாருடையது என்று நாலு பேர் சேர்ந்து சொல்வார்கள். "வந்துனே இருக்குது பாய், ஏரிக்கர மேல தெரியுது பாரு" என்பார்கள். சில நாள் ஏரிக்கரை மேல் யாருமே தெரியாது. இருந்தும் பஸ் நிற்கும்.

தினமும் பை அனுப்புகிறவள் ஒருத்தி இருந்தாள். நாற்பது வயதிருக்கும். தொழிற்சாலையில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் இருக்கிறாள். அவள் புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்தவன். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காலையில் அவனை எழுப்பி, குளிப்பாட்டி, கைகால் நீட்டி மடக்க வைத்து, கஞ்சி ஊட்டி முடிக்க ஆறே முக்கால் ஆகிவிடும். ஒரே மகள் வேலூரில் கல்லூரியில் படிக்கிறாள். அவள் ஆறு மணிக்கே பஸ் பிடிக்கக் கிளம்பிவிட வேண்டும். ஆக தாய்க்கு உதவ ஆளில்லை, பையைத் தவிர. பை போய் பஸ்ஸை நிறுத்தி வைக்கும். அவள் ஏரிக்கரை மேல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடி வருவாள். இருபத்திரண்டு பேரும் அவளைக் கேலி செய்துகொண்டே இடம் விடுவார்கள்.

போன வருடம் கம்பெனி பஸ்ஸில் ஒரு பெட்டியை வைத்தார்கள். பஸ் எங்கே வருகிறது என்று போனிலேயே பார்க்கலாம். ஒரு சின்னப் பெண் என் போனிலும் அதைப் போட்டுக் காட்டினாள். சாலை ஒரு கோடு, பஸ் அதில் ஊரும் மஞ்சள் பொட்டு. நான் மனதாரப் பாராட்டினேன். மார்கழிப் பனியில் அரை மணி நேரம் நின்று இருமிய பெண்களைப் பார்த்திருக்கிறேன். மழை நாளில் எங்கள் போர்டிகோவில் ஒன்பது பேர் ஒண்டி நின்றிருக்கிறார்கள். இனி யாரும் நனைய வேண்டாம், வீட்டில் இன்னொரு வாய் காப்பி குடிக்கலாம், பிள்ளைக்குத் தலை வாரலாம். நானும் செய்தித்தாள் படிக்கலாம்.

ஒரு வாரத்தில் கட்டை காலியாகிவிட்டது. பஸ் வருவதற்கு ஒரு நிமிஷம் முன்பு ஏழெட்டுத் திசையிலிருந்து வருவார்கள். சிலர் அண்ணன் தம்பி வண்டியில் வந்து இறங்குவார்கள். காதில் ஒயர், கையில் போன். ஏறுவார்கள், பஸ் போய்விடும். என்னால் எண்ணி முடிக்கக்கூட முடியாது. நான் உள்ளே வந்தால் மனைவி கேட்பாள்: "இன்னாங்க, கணக்கு தேறலியா இன்னிக்கு?"

கறிவேப்பிலை மரம் அடர்ந்துபோய்க் கிடந்தது. முதலில் எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. பிறகு ஒருநாள், ஏரிக்கரைத் தெருவில் ஒரு கிழவர் இறந்து காரியமும் முடிந்த செய்தி எங்களுக்குப் பால்காரர் சொல்லித் தெரிந்தது. அவருடைய மருமகள் அந்தப் பஸ்ஸில்தான் போகிறவள். முன்பென்றால் அவள் வராத காலையே தெரிந்திருக்கும். எங்கள் வீட்டிலும் மகன் பெங்களூரிலிருந்தபடியே கரண்ட் பில் கட்டுகிறான், மாத்திரை அனுப்புகிறான், அரிசி மூட்டைகூட வாசலில் வந்து விழுகிறது. நான் ஆம்பூர் பஜாருக்குப் போய் எத்தனை மாதம் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணியதை மனைவியிடம் சொல்லவில்லை.

தினமும் பை அனுப்பும் அந்தப் பெண்ணுக்கு மட்டும் பெட்டி பயன்படவில்லை. வீட்டில் இருப்பது ஒரே போன்; அது மகளோடு கல்லூரிக்குப் போய்விடும். பாடமெல்லாம் அதில்தான் வருகிறதாம். பஸ் எப்போது வரும் என்று தெரியாது. பையை எடுத்துப்போகவும் ஆளில்லை. முன்பு எடுத்துவந்த பக்கத்து வீட்டுப் பெண் இப்போது தம்பியின் மோட்டார் சைக்கிளில் வேறு வழியாக வருகிறாள். அதனால் மகளே ஆறு மணிக்குப் போகும்போது பையைக் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். ஆனால் பையைச் சுற்றி நிற்க யாரும் இல்லை. பஸ் வந்தது, நின்றது, கிளம்பியது. அவள் வந்தபோது பை மட்டும் இருந்தது. ஷேர் ஆட்டோ பிடித்துப் போய் அரை நாள் சம்பள வெட்டு வாங்கினாள். மறு வாரம் இன்னொரு தடவை.

இரண்டாவது தடவை நான் கேட்டில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பையை எடுத்துப்போகச் சொல்லலாமே என்று கேட்டேன்.

"தெனம் எப்டி சார் கேக்கறது?" என்றாள். "முன்னாடி நான் கேக்கவே மாட்டேன். அவளே வாசல்ல நின்னு, 'அக்கா பைய குடு'ன்னு எடுத்துனு போவா. இப்ப வண்டிய நிறுத்திக் கேட்டா அது உதவி கேட்ட மாதிரி ஆய்டுது."

அந்த வித்தியாசம் எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

என் மனைவிதான் வழி சொன்னாள். அலமாரியில் சும்மா கிடந்த பட்டன் போனை அவளிடம் கொடுத்தோம். அதில் மஞ்சள் பொட்டு தெரியாது. அதனால் என் போனில் நான் பொட்டைப் பார்ப்பது, பஸ் முந்தைய நிறுத்தத்தை விட்டதும் அவளுக்கு மணி அடிப்பது, பையை வழக்கம்போல மகள் கட்டையில் வைத்துப்போவது என்று ஏற்பாடு. எனக்கு மறுபடியும் டைம் ஆபீஸ் கிடைத்த மாதிரி இருந்தது. ஆறு மணிக்கே கூடத்தில் ஈசிசேரில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, போனை மடியில் வைத்துக்கொள்வேன். பதினோரு நாள் ஒரு பிசகும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் பொட்டு மாதனூர் முக்கில் நின்றது. நகரவே இல்லை. பஸ் பஞ்சராகியிருக்கும் என்று நினைத்தேன். நானும் மடியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். வெளியே ஹாரன் கேட்டது. மணல் லாரி என்று நினைத்துக்கொண்டேன். மனைவி அடுப்படியிலிருந்து வந்து என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கதவத் தொறந்தா ரோடு தெரியுது. பஸ் போய்டுச்சு."

நான் வெளியே ஓடிவந்தபோது சாலையில் புழுதிதான் இருந்தது. போனில் பொட்டு இன்னும் மாதனூர் முக்கிலேயே நின்றது. கட்டையில் பையும் இல்லை. அப்படியானால் அவளாகவே வந்து ஏறிவிட்டாள் என்று எனக்கு ஒரு நிமிஷம் நிம்மதி. அந்த நிம்மதி முடிவதற்குள் அவள் ஏரிக்கரையிலிருந்து இறங்கி வந்தாள். ஓடவில்லை. மணி அடிக்காததால் நேரம் இருக்கிறது என்று நம்பி நடந்து வந்தாள். வெறுங்கட்டையைப் பார்த்தாள்.

"பை எங்க சார்?"

பஸ் போய்விட்டது என்று சொன்னேன்.

"பையுமா போய்டுச்சு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு கட்டையில் பை இருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள்.

என்ன நடந்தது என்பது அப்போதே புரிந்துவிட்டது. யாரோ ஒருத்தி பழைய பழக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறாள். பைக்காரி பின்கதவில் ஏறியிருப்பாள் என்று நினைத்திருப்பாள். ஆனால் பைக்குள்தான் கம்பெனி அடையாள அட்டையும் இருந்தது. அட்டை இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள். அந்த விதியை முப்பத்தொரு வருடம் காத்தவனே நான்தான். ஆட்டோ பிடித்துப் போயும் பயனில்லை.

இரண்டு தடவை தாமதமானபோதே சூப்பர்வைசர் எச்சரித்திருந்தாராம். மூன்றாவது என்றால் லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள். வேலை போகாது, வீட்டில் உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று கையால் தைத்துக் கொடுக்கலாம். புருஷனையும் பார்த்துக்கொள்ளலாமே என்று என் வாயில் வந்தது. அதற்குள் அவளே சொன்னாள்.

"லைன்ல பேரு இல்லன்னா ஈ.எஸ்.ஐ. போய்டும் சார். அவருக்கு ஊசி, மாத்திர, கையி காலு பயிற்சி எல்லாம் அதுலதான் நடக்குது. இப்பதான் கொஞ்சம் கைய தூக்கறாரு."

அன்று பகல் மனைவி என் போனை எடுத்து அலமாரியில் வைத்தாள். அது திட்டுவதைவிட ஜாஸ்தி.

மாலை ஆறரைக்கு பஸ் திரும்பும்போது நான் பாலத்தில் நின்றிருந்தேன். ஓட்டுநர் இறங்கி வந்து பையை என் கையில் கொடுத்தார். சீட்டில் அப்படியே கிடந்ததாம். டிபன் கேரியர் கனமாக இருந்தது. முன்பெல்லாம் நிறுத்தி வைப்பீர்களே பாய், இப்போது என்ன வந்தது என்று கேட்டுவிட்டேன். கொஞ்சம் சூடாகவே கேட்டிருப்பேன்.

"நான் இன்னா பண்றது சார், பெட்டி பாத்துனு இருக்குது. எந்த ஸ்டாப்ல எத்தினி நிமிஷம் நின்னேன்னு ஆபீஸ்ல தெரியுது. ஒரு நிமிஷத்துக்கு மேல போனா, ஏன் நின்னேன்னு போன் வருது. தெனம் பேஜாரு." அவர் தலைக்குல்லாயைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "படியில ஆளு ஏறினு இருந்தா எவனும் கேக்க மாட்டான் சார். படி காலியா இருந்தாத்தான் கேள்வி. முன்னாடி இருபது பேரும் கத பேசினு மெதுவா ஏறுவாங்க. இப்ப அர நிமிஷத்துல ஏறி உக்காந்துடறாங்க. நான் எத்த சாக்கு சொல்றது?"

இதற்குள் பெண்கள் இறங்கி, போனைப் பார்த்தபடி ஆளுக்கொரு பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. கம்பெனி கேட்டில் நின்று கூப்பிடும் பழைய குரலில், "யாரும் போக வேணாம், எல்லாம் இங்க வாங்க," என்றேன். வயதான ஆறேழு பேர் அந்தக் குரலுக்குப் பழக்கப்பட்டவர்கள், நின்றுவிட்டார்கள். அவர்கள் நின்றதைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். ஒரு சின்னப் பெண் காதிலிருந்து ஒயரைக் கழற்றி, "இன்னா தாத்தா, பஞ்ச் போடணுமா?" என்றாள். சிரித்தார்கள்.

நான் பையைத் தூக்கிக் காட்டி விஷயத்தைச் சொன்னேன்.

ஒருத்திக்கும் தெரியவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. ஒரே பஸ், ஒரே பாலம், ஒரே கேட். பஸ் இறங்கியதும் ஒருத்தி வெட்டும் பிரிவுக்குப் போகிறாள், ஒருத்தி பாலிஷ் பிரிவுக்குப் போகிறாள். பேசியதெல்லாம் இந்தக் கட்டையில்தான். கட்டை போனதும் தகவலும் போய்விட்டது. "அந்தக்கா சில நாள் காணோமா, ஷிப்ட் மாறிட்டாங்கன்னு நெனச்சேன்," என்றாள் ஒருத்தி. வேலையை விட்டுவிட்டாள் என்றே இன்னொருத்தி நினைத்திருக்கிறாள். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி தரையைப் பார்த்தாள். ஒயர் மாட்டியிருந்த சின்னப் பெண்ணின் முகம் மாறிவிட்டது.

"நான்தான் தாத்தா பைய எடுத்து வெச்சேன். பாட்டு கேட்டுனு இருந்தேன். திரும்பிக்கூடப் பாக்கல."

ஓட்டுநர் சொன்ன அந்தப் படிக்கட்டு விஷயத்தையும் நான் சொன்னேன். யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் தான் வந்து சொல்வதாகச் சின்னப் பெண் மட்டும் சொன்னாள். காலையில் புள்ளைங்களைக் கிளப்பணும் சார் என்றாள் ஒருத்தி. அது நியாயம்தான். பக்கத்து வீட்டுக்காரி என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் நான் ஈசிசேரில் உட்காரவில்லை. போனை உள்ளேயே வைத்துவிட்டுக் கேட்டில் நின்றேன். ஆறு மணிக்கு மகள் வெறுங்கையோடு போனாள். பை இல்லையா என்று கேட்டேன். பக்கத்து வீட்டு அக்கா எடுத்து வருவதாகச் சொன்னாள் என்றது அந்தப் பிள்ளை. ஆறேகால், யாரும் இல்லை. ஆறரை, யாரும் இல்லை. அன்று தாமதமானால் சூப்பர்வைசரிடம் பேசவே வாய் இருக்காது. மனைவியும் வந்து என் பக்கத்தில் நின்றாள். ஆறு முப்பத்தைந்துக்குப் பக்கத்து வீட்டுக்காரி நடந்தே வந்து பையைக் கட்டையில் வைத்தாள். தம்பியோடு சண்டை போலிருக்கிறது. முகம் அப்படி இருந்தது. அவளுக்குப் பின்னால் சின்னப் பெண். பிறகு இரண்டு பேர். நாலு பேரும் போனைத்தான் பார்த்தார்கள்.

ஆறு நாற்பத்தொன்றுக்கு பஸ் வந்தது. மற்றவர்கள் எங்கிருந்தோ வந்து ஏறினார்கள். ஏரிக்கரை மேல் யாரும் இல்லை. கடைசியாகச் சின்னப் பெண் படியில் ஒரு காலை வைத்தாள். வைத்த காலை எடுத்து, செருப்பு வாரைச் சரிசெய்தாள். பிறகு மற்றக் கால். பிறகு ஏதோ விழுந்துவிட்ட மாதிரி கீழே குனிந்து தேடினாள். பஸ்ஸுக்குள்ளிருந்து, "அடியே, வாருக்குப் பூட்டு போடறியா?" என்று ஒருத்தி கேட்டாள். உள்ளே சிரிப்பு எழுந்தது. எத்தனையோ மாதம் கழித்து அந்தச் சத்தம் எங்கள் வாசல் வரை வந்தது. ஓட்டுநர் கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தபடி ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

"வந்துட்டா, வந்துட்டா," என்றாள் என் மனைவி. நான் கண்ணாடியைச் சரிசெய்வதற்குள் அவள் ஏரிக்கரையிலிருந்து சறுக்கி இறங்கி, பாலத்தைத் தாண்டி, கட்டையில் இருந்த பையை ஓடிய வேகத்திலேயே வாரிக்கொண்டு படியேறிவிட்டாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "போலாம் பாய்," என்று மட்டும் கேட்டது.

அன்று சூப்பர்வைசரிடம் சின்னப் பெண்ணோடு இன்னும் ஐந்து பேர் போனார்களாம். பையை எடுத்தது யார், படியில் ஏறியது யார் என்று ஆளாளுக்குப் பேசியதில் அவர் காதைப் பொத்திக்கொண்டு, இதுதான் கடைசி என்று அனுப்பிவிட்டாராம். அவள் லைனிலேயே இருக்கிறாள்.

எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று எழுதினால் அது பொய். மழை நாளில் இன்றும் ஒருத்தியும் முன்னால் வருவதில்லை. அந்த நாளில் சின்னப் பெண்ணின் செருப்புவார்தான் துணை. மற்ற நாளில் ஐந்து பேர், சில நாள் ஆறு. இருபத்துமூன்று இனி வராது. வரவேண்டும் என்று கேட்க எனக்கும் வாய் வரவில்லை. அரை மணி நேரம் பனியில் நிற்பதை யாரிடம் கேட்பது? கறிவேப்பிலை மரம் மட்டும் தெருப்பக்கம் கொஞ்சம் மொட்டையாகியிருக்கிறது. கேட்டை இப்போதும் யாரும் மூடுவதில்லை.

இன்று காலை எண்ணினேன். ஆள் ஐந்து. பை, அவரவர் தோளில் இருப்பவை போக, கட்டையில் இரண்டு. ஒன்று அவளுடையது, நீலம். இன்னொன்று பூப்போட்ட புதுப் பை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மறுபடியும் எண்ணிப் பாருங்க என்றாள். எண்ணினேன், இரண்டுதான். யாருடையது என்று அவளுக்கும் தெரியவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு கேட்கப் போனேன்.